ஹார்பர் ஆபீசில் ஒரு சேர்மன், ஒரு மேனேஜர், ஒரு கிளார்க்

இப்போது பெரிய கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டால், வருடத்துக்கு ஒரு முறையாவது அவர்களை ஏதாவது ஓர் ஓட்டலில் உட்கார வைத்து இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். மேலதிகாரியும் அவருக்குக் கீழே இருப்பவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து வேலை செய்வது எப்படி என்பதுதான் பாடம். அதற்கு ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ என்று பெயர். 1990இல் சாலவே, மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் வந்த பிறகு உலகம் முழுக்க அந்தச் சொல் பரவியது. தமிழில் உணர்வுசார் நுண்ணறிவு என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இதையே ‘ஆளைப் புரிஞ்சு நடந்துக்கறது’ என்று நாலு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

சொல் புதிது, சரக்கு பழையது. இதற்கு நல்ல உதாரணம் ஒன்று நம் ஊரிலேயே, பீச் ஓரத்திலேயே இருக்கிறது. 1912இல் சென்னை போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு சேர்மன், ஒரு மேனேஜர், ஒரு கிளார்க் என மூன்று பேர் இருந்தார்கள். அந்தக் கிளார்க்கின் பெயர் எஸ். ராமானுஜன். கணிதமேதை ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். அவருடைய கணிதத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியும் கிடையாது. அவருக்கு மேலே உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கிளார்க்காகச் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன் என்பதால், அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் கண் அந்த இரண்டு பேர் மேலேதான் போகிறது.

முதலில் சேர்மன். சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அயர்லாந்துக்காரர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்த என்ஜினீயர். இந்திய அரசு வேலைக்கு வந்து ரயில்வேயிலும் பாலங்களிலும் நீண்ட காலம் உழைத்தவர். கரை உடைத்துத் திரியும் ஆறுகளைக் கட்டுப்படுத்திப் பாலம் கட்டுவது எப்படி என்று எழுதிய அனுபவசாலி. 1904இல் சென்னைத் துறைமுகத்தின் பொறுப்புக்கு வந்து 1919 வரை இருந்தார். கிழக்கே பார்த்திருந்த துறைமுக வாயிலை வடகிழக்குப் பக்கமாக மாற்றியது அவர் காலத்தில்தான். அதற்கு முன்பு சென்னைத் துறைமுகம் பட்ட பாடு சொல்லி முடியாது. 1881இல் அடித்த புயல், கட்டிக்கொண்டிருந்த சுவர்களையே பெயர்த்துப் போட்டுவிட்டது. அப்படிப்பட்ட இடத்தை உருப்படியான துறைமுகமாக ஆக்கிய மனிதர் ஒரு கிளார்க்கைப் பற்றி யோசிக்க நேரம் ஒதுக்கினார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் மேனேஜர் எஸ். நாராயண ஐயர். கணிதத்தில் எம்.ஏ. படித்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். பிறகு போர்ட் டிரஸ்டுக்கு வந்தார். ஸ்பிரிங்குக்கு அவர் வலது கை மாதிரி. இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளரும் அவர்தான். அலுவலகத்தில் கணக்கு வழக்கு, வீட்டில் உயர்கணிதம் என்று வாழ்ந்த மனிதர்.

மூன்றாமவர் ராமானுஜன். 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டாமல் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர். கல்யாணமும் ஆகிவிட்டது, வேலை இல்லை. கையில் இருந்ததெல்லாம் கணக்கு எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள்தான்.

1910இல் அவர் அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீசில் ஒரு சின்ன வேலை போட்டுக் கொடுக்கும்படி ராமானுஜன் கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமஸ்வாமி ஐயர், ரெவின்யூ இலாகாவின் அடிமட்ட வேலையில் போட்டு இந்தத் திறமையை மூச்சுத் திணற வைக்க எனக்கு மனமில்லை என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். வேலை கொடுக்காமல், தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

அங்கிருந்து கை மாறிக் கை மாறி, நெல்லூர் கலெக்டராக இருந்த திவான் பகதூர் ராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தார். அவரும் கணிதம் தெரிந்தவர். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்து, சென்னையில் தங்கிக் கணக்கு போடச் சொன்னார். நல்ல மனிதர், நல்ல உதவி. ஆனால் உழைக்காமல் ஒருவர் கைக்காசில் உட்கார்ந்து சாப்பிடுவது ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. தானே சம்பாதிக்க வேண்டும் என்றார்.

இந்த இடத்தைப் பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. திறமை உள்ளவனுக்குப் பணம் கொடுத்தால் போதும் என்று நினைப்பது ஒரு வகை இரக்கம். அவனுக்கும் சுயமரியாதை உண்டு, சம்பளத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கும் காசின் ருசியே வேறு என்று தெரிந்துகொள்வது அதற்கு மேல் ஒரு படி. ராமானுஜனுக்கு வேண்டியிருந்தது வேலை. அந்த வேலை கணக்கைக் கொல்லாத வேலையாகவும் இருக்க வேண்டும்.

1912 ஜனவரியில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் மாதம் 20 ரூபாயில் தற்காலிக வேலை கிடைத்தது. சில வாரங்கள்தான். பிப்ரவரி 9ஆம் தேதி திருவல்லிக்கேணி ‘சம்மர் ஹவுஸ்’ முகவரியிலிருந்து போர்ட் டிரஸ்டுக்கு மனுப் போட்டார். மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. வரை படித்தது, சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியாமல் போனது, அதன் பிறகு முழு நேரமும் கணிதத்தில் செலவிட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருந்தார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதமும் கூட இருந்தது. மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை குமாஸ்தா. முப்பது ரூபாய்க்கு மேற்படாத சம்பளம்.

அப்போது ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடித்தனம். அங்கிருந்து துறைமுக அலுவலகத்துக்கு நடக்கும் தூரம்தான். வந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவார். மிச்ச நேரத்தில் கணக்கு. காகிதம் வாங்கக் காசில்லை. மதிய இடைவேளையில் சரக்குப் பெட்டிகளில் சுற்றிவரும் பேக்கிங் காகிதத்தைத் தேடி அவர் துறைமுகத்தில் அலைந்ததைச் சக ஊழியர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சாதாரண மேனேஜராக இருந்தால் இந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்? ஆபீஸ் நேரத்தில் சொந்த வேலை பார்க்கிறான் என்று ஒரு மெமோ. மூன்று நாளில் பதில் கொடு என்று ஒரு வரி. பதில் திருப்தியாக இல்லை என்று சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு பதிவு. விதிப்படி அதில் ஒரு தப்பும் கிடையாது. நாலு வருஷம் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டால் எந்த மேதையும் நோட்டை மூடிப் பரணில் போட்டுவிடுவான்.

நாராயண ஐயர் மெமோ கொடுக்கவில்லை. சாயங்காலம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். திருவல்லிக்கேணியில் பைக்ராப்ட்ஸ் ரோட்டில், இன்றைய பாரதி சாலையில், அவர் வீடு. ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் மாடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். நாராயண ஐயரின் மகன் சின்னப் பிள்ளையாக இருந்து இதைப் பார்த்தவர். சிலேட்டுக் குச்சி கீச்சிடும் சத்தத்தோடுதான் தூங்கிப்போவேன் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ராமானுஜன் கணக்குப் போடும் விதமே வேறு. முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குத் தாவிவிடுவார். இடையில் இருப்பதெல்லாம் அவர் மனதுக்குள். சிலேட்டில் எழுதியதை முழங்கையால் துடைத்துத் துடைத்து முழங்கையே கறுத்துப் போயிருக்கும். எம்.ஏ. படித்த நாராயண ஐயருக்கே அந்தத் தாவல் பிடிபடவில்லை. அப்போது அவர் ஒன்று கேட்டார். நீ என் மட்டத்துக்கு இறங்கி வர வேண்டும், உன்னுடைய ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் குறைந்தது பத்துப் படியாவது எழுத வேண்டும் என்று. எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்பது அவர் வாதம்.

இந்த ஒரு வேண்டுகோளை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் மேனேஜர், கேட்கப்பட்டவர் கடைநிலை குமாஸ்தா. எனக்குப் புரியவில்லை என்று கீழே இருப்பவரிடம் சொல்வது அலுவலகத்தில் எவ்வளவு கஷ்டம் என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். புரியாத ஃபைலைப் பார்த்தால் நம்மில் பலரும் அதில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுத் திருப்பி அனுப்புவோம். அல்லது புரிந்த மாதிரி தலையாட்டிக் கையெழுத்துப் போடுவோம். நாராயண ஐயர் இரண்டும் செய்யவில்லை. உன் உயரம் வேறு, என் உயரம் வேறு என்று ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தாமல், படி கட்டு, நானும் ஏறி வருகிறேன், எனக்குப் பின்னால் உலகமும் ஏறி வரும் என்றார். பணிவும் அக்கறையும் கண்டிப்பும் அந்த ஒரே வேண்டுகோளில் இருக்கின்றன.

ராமானுஜன் பக்கமும் சொல்ல வேண்டும். கூட்டு வேலை என்பது மேலே இருப்பவர் மட்டும் செய்கிற தர்மம் ஆகாது. அவர் நினைத்திருந்தால், புரியாதவர்களுக்கு நான் ஏன் எழுத வேண்டும் என்று முறுக்கிக்கொண்டிருக்கலாம். மேதைகளுக்கு அந்த முறுக்கு சகஜம். அவர் மறுபடி மறுபடி உட்கார்ந்து விளக்கினார். தன் கணக்கை மற்றவர்களுக்குச் சொல்லும் பழக்கம் அவருக்கு அந்த மாடியில்தான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சங்கதி. 1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் நாராயண ஐயர் பகா எண்கள் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் உள்ள முடிவுகள் ராமானுஜனுடையவை என்று அவர் பெயரைச் சொல்லியே எழுதினார். மேனேஜர் எழுதிய கட்டுரை, சொந்தக்காரன் கிளார்க் என்று அச்சில்.

இது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். சிக்கலான ஃபைல் எதுவானாலும் அவர் எழுதும் நோட் தெளிவாக இருக்கும். அவருக்கு மேலே இருந்த அதிகாரி அந்த நோட்டை அப்படியே தன் பெயரில் மேலே அனுப்புவார். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்வார், யார் எழுதியது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இரண்டு வருஷம் பார்த்தார் அந்த உதவியாளர். அதன் பிறகு எந்த ஃபைல் வந்தாலும் ‘உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிடுவார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த அலுவலகம் இழந்தது எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்க்கவும் இல்லை.

இனி சேர்மனிடம் வருவோம். நாராயண ஐயர் தன் கண்டுபிடிப்பைத் தன் வீட்டு மாடியிலேயே வைத்துக்கொள்ளவில்லை. ஸ்பிரிங்கிடம் கொண்டுபோனார். ஸ்பிரிங் என்ஜினீயர், கணக்கு தெரிந்தவர்தான். ஆனால் இது அவருக்குத் தெரிந்த கணக்கு இல்லை. அதனால் தெரிந்தவர்களை விசாரிக்கத் தொடங்கினார்.

1912 நவம்பரில் சென்னை என்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித் ஸ்பிரிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் அலுவலகத்தில் குறைந்த சம்பளத்தில் இருக்கும் இந்தப் பையன் அசாதாரணமான கணித ஆள் மாதிரி தெரிகிறது, லண்டனில் என் பேராசிரியர் ஹில்லுக்கு எழுதிக் கேட்கிறேன், அதுவரை அவரைச் சந்தோஷமாக வேலையில் வைத்திருங்கள் என்பது அதன் சாரம். அக்கவுண்டன்ட் ஜெனரல் கிரஹாம் வேறு மாதிரி நினைத்தார். மூளை இருக்கிறது, ஆனால் மனக்கணக்குப் போட்டு வேடிக்கை காட்டும் பையன்களுக்கு இருக்கிற வகை மூளையாக இருக்கலாம் என்றார். லண்டனிலிருந்து ஹில்லின் பதிலும் அரைகுறைதான். திறமை உண்டு, பிழைகளும் உண்டு, இன்ன புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்ற மாதிரி.

இப்படி ஆளுக்கொன்று சொல்லும்போது மேலே இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது ஃபைலை மூடுவதுதான். பார்த்தோம், கேட்டோம், தெளிவாக யாரும் சொல்லவில்லை, அத்தோடு சரி. ஸ்பிரிங் மூடவில்லை. சந்தேகம் இருக்கும்போது ஆளைக் கைவிடாமல் இருப்பது பெரிய குணம். கிரிபித் சொன்ன ‘சந்தோஷமாக வைத்திருங்கள்’ என்பதை அவர் உத்தரவு போலவே எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையே 1913 ஜனவரி 16ஆம் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். சென்னை போர்ட் டிரஸ்ட் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் வேலை பார்க்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அன்று ஒரு பவுண்டு 15 ரூபாய். ஹார்டி பிப்ரவரி 8ஆம் தேதி ஆர்வத்தோடு பதில் எழுதினார்.

பிப்ரவரி 25ஆம் தேதி வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலாவதாக வந்தவர், டிரினிட்டி கல்லூரிக்காரர். நம் பருவமழையைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சி இன்றும் பேசப்படுகிறது. வந்தவரிடம் ஸ்பிரிங் துறைமுகத்தை மட்டும் காட்டி அனுப்பிவிடவில்லை. தன் குமாஸ்தாவின் கணக்குகளையும் எடுத்துக் காட்டினார். வாக்கர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். இந்த மனிதர் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் சில வருஷமாவது கணிதத்திலேயே இருக்கும்படி பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அங்கே ஒரு விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.ஏ. பட்டம் வேண்டும். இவரோ எஃப்.ஏ. தேறாதவர். பல்கலைக்கழகத்தில் வாதாடி, விதிவிலக்கு கொடுத்து, 1913 மே 1ஆம் தேதி முதல் மாதம் 75 ரூபாய் என்று முடிவு செய்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும், வேறு நிபந்தனை இல்லை. போர்ட் டிரஸ்டிலிருந்து சம்பளமில்லாத விடுப்பு.

ஸ்பிரிங் எதைச் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். இஷ்டத்துக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுக்கவில்லை. மற்ற குமாஸ்தாக்கள் முணுமுணுக்கும்படி தலைக்கு மேலே தூக்கி வைக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவனுக்குச் சலுகை காட்டினால் மற்ற பத்துப் பேரின் மனம் கெடும். முறையான இடத்தில், முறையான வழியில் கதவைத் தட்டித் திறக்க வைத்தார். தன் அலுவலகத்துக்கு ஓர் ஆள் குறைந்தாலும் சரி, அவன் போக வேண்டிய இடம் வேறு என்று அனுப்பிவைத்தார். நல்ல உதவியாளரைத் தன் செக்‌ஷனைவிட்டு நகரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் அதிகாரிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்து இங்கிலாந்துப் பயணம். முதலில் கேட்டபோது ராமானுஜன் வர மறுத்துவிட்டார். கடல் தாண்டினால் சாதிக் கட்டுப்பாடு, அம்மாவின் மனம், ஊர் வாய். நாராயண ஐயருக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, அவரும் அதே சூழலில் வளர்ந்தவர். 1913 டிசம்பர் கடைசியில் ராமானுஜன் நாமக்கல்லுக்குப் புறப்பட்டபோது நாராயண ஐயரும் கூடப் போனார். ராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம் நாமகிரித் தாயார். கோயிலில் மூன்று இரவு தங்கி, தாயாரின் உத்தரவு கிடைத்தது என்று அந்தக் குடும்பங்களில் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு மேனேஜர் தன் குமாஸ்தாவின் மனக்குழப்பம் தீர அவனோடு ரயிலேறிக் கோயிலுக்குப் போனார் என்பது எனக்குப் போதும். பயப்படாதே, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்து யாருடைய பயமும் போனதில்லை.

1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் சென்னைக்குப் பிரசங்கம் செய்ய வந்தபோது ராமானுஜன் மனம் தயாராக இருந்தது. பிப்ரவரி 5ஆம் தேதி ஸ்பிரிங், கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் செயலருக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை, பயணத்துக்கும் துணிமணிக்கும் தனிப் பணம் என்று ஏற்பாடு ஆனது. அதில் மாதம் 60 ரூபாய் ஊரில் அம்மாவுக்குப் போகும்படி ராமானுஜன் செய்துவிட்டார். மார்ச் 17ஆம் தேதி ‘நெவாசா’ கப்பல் கிளம்பியது. தான் குமாஸ்தாவாக இருந்த அதே துறைமுகத்திலிருந்து போனார். போகும் முன் நாராயண ஐயர், உன் சிலேட்டை என்னிடம் கொடு, என்னுடையதை நீ எடுத்துக்கொள் என்று மாற்றிக்கொண்டதாக அவர் மகன் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்தால் தனக்கும் ஏதாவது தோன்றுமாம்.

கேம்பிரிட்ஜில் நடந்ததையும் சொன்னால்தான் இந்தக் கதையின் எடை தெரியும். ஹார்டி ராமானுஜனுக்குச் செய்தது ஏராளம். தெரியாத பாடங்களைக் கற்றுக்கொடுக்கும்போது, இவருடைய தன்னம்பிக்கை உடைந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் உலகப் புகழ் பெற்றவை. 1918இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதற்கு ஹார்டி முன்நின்றார். அதே வருஷம் ராமானுஜன் டிரினிட்டி கல்லூரி பெல்லோவும் ஆனார். வேலையில் அதைவிட நல்ல கூட்டாளி கிடைக்க முடியாது.

ஆனால் பைக்ராப்ட்ஸ் ரோட்டு மாடி அங்கே இல்லை. ராமானுஜன் தானே சமைத்துச் சாப்பிட்டார். போர் தொடங்கியதும் காய்கறி கிடைப்பது கஷ்டமானது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க ஆள் இல்லை. குளிரில் ராத்திரி நடுங்குகிறார் என்று தெரிந்து மகாலநோபிஸ் அவர் அறைக்குப் போய்ப் பார்த்தார். பிற்காலத்தில் பெரிய புள்ளியியல் அறிஞரான அவர் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். கட்டிலில் கம்பளிகள் எல்லாம் ஒழுங்காக மெத்தையோடு செருகி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்துக்கொண்டு ஓவர்கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. 1917இல் உடம்பு படுத்தது, பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை.

ஹார்டி பிற்காலத்தில் இதையொட்டி ஒன்று எழுதியிருக்கிறார். பல வருஷம் அநேகமாக தினமும் ராமானுஜனைப் பார்த்தேன், இளமையில் என்ன படித்தார், எப்படி இதையெல்லாம் கண்டுபிடித்தார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஆனால் அப்படி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று வருந்துகிறார். தினமும் புதுப்புதுத் தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டும் ஒருவரிடம் பழங்கதை கேட்பது அபத்தமாகத் தோன்றியது என்பது அவர் சொல்லும் காரணம். நேர்மையான மனிதர், மறைக்காமல் எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல நான் யார்? வேலையில் ஒன்றிப்போன இரண்டு பேருக்கு நடுவில்கூட இப்படி ஓர் இடைவெளி இருக்க முடியும் என்பதுதான் விஷயம். வேலையைப் புரிந்துகொள்வது ஒன்று, வேலை செய்கிறவரைப் புரிந்துகொள்வது வேறு ஒன்று. நாராயண ஐயர் முதலாவதில் ஹார்டிக்குப் பக்கத்தில்கூட வர மாட்டார். இரண்டாவதில் அவர் ஒரு படி மேலே நின்றார்.

மூன்று பேரையும் மொத்தமாகப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இவ்வளவுதான். சேர்மன் தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். மேனேஜர் தனக்குப் புரியாததைக் குமாஸ்தாவிடமே கேட்டார். குமாஸ்தா பொறுமையாகப் படி கட்டிக் கொடுத்தார். மூன்று பேரில் ஒருவர் முரண்டு பிடித்திருந்தாலும் அந்த நோட்டுகள் சைவ முத்தையா முதலி தெருவோடு போயிருக்கும். மேலே ஒரு நல்ல சேர்மன் மட்டும் இருந்து நடுவில் நாராயண ஐயர் இல்லாமல் போயிருந்தால், கடைநிலை குமாஸ்தாவின் கணக்கு சேர்மன் மேஜைக்குப் போயே இருக்காது. நம் அலுவலகங்களில் நடுவில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி யாரும் வரலாறு எழுதுவதில்லை. திறமை மேலே போவதும் அழுகிப்போவதும் அநேகமாக அவர்கள் கையில்தான் இருக்கிறது.

1919 ஜனவரியில், ஊருக்குத் திரும்புவதற்கு முன், ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு தர முடிவு செய்திருந்தது. பெற்றோருக்கு 50 பவுண்டு, தன் அவசியச் செலவு இவை போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளம், புத்தகம் என்று கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உடம்பு நலிந்து படுக்கையில் இருந்த மனிதர் எழுதியது. அந்த வருஷம் ஏப்ரல் 2ஆம் தேதி சென்னைக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் காலமானார். 32 வயது.

ராஜாஜி சாலை வழியாகப் போகிறவர்கள் துறைமுகத்தைப் பார்க்கும்போது ராமானுஜனை நினைத்துக்கொள்வது நல்லது. கூடவே, பத்துப் படி எழுதச் சொல்லிக் கேட்ட அந்த மேனேஜரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.